ரேச்சல் கார்சன் அம்மையார்

அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில், 1907ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள் ரேச்சல் கார்சன் அம்மையார் பிறந்தார். பறவைகளையும் செடிகொடிகளையும் இனங்கண்டு மகிழ அவருக்குக் கற்றுத் தந்தவர் அவருடைய தாயார். விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்று, அரசின் மீன்வளத் துறையில் பணியாற்றினார். கடலைப் பற்றி 1951இல் அவர் எழுதிய நூல் பெரும்புகழ் ஈட்டியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி., பி.எச்.சி. போன்ற பூச்சிமருந்துகள் வயல்களில் தாராளமாகத் தூவப்பட்டன. பயிரைக் காக்கும் மருந்து அதைத் தூவுகிறவரை என்ன செய்யும் என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. அம்மையார் கேட்டார். 1958 முதல் மருத்துவ ஏடுகளைத் துருவி ஆராய்ந்தார். சுவீடன் நாட்டு உழவர் ஒருவர் 60 ஏக்கரில் இவ்விரு மருந்துகளும் கலந்த தூளைத் தூவியபோது, காற்று அதை அவர் மேலேயே வாரி அடித்தது. அன்று மாலையே களைப்புற்றவர் மூன்று மாதங்களுக்குள் இறந்துபோனார். செக்கோஸ்லோவாக்கியாவில் பி.எச்.சி. மூட்டைகளை இறக்கிய பண்ணை இளைஞர்கள் இருவர் இரத்தப் புற்றுநோய்க்குப் பலியாயினர். (என் தாத்தாவும் அக்காலத்தில் அத்தூளை வெறும் கையால்தான் தூவினாராம். மூக்கில் ஒரு துண்டுகூடக் கட்டியதில்லையாம்!)

இரண்டு மூன்று சாவுகளைக் கொண்டு முடிவுகட்ட முடியாதுதான். ஆகவே, புகைபோக்கி துடைப்பவர்களுக்குக் கரியினால் புற்றுநோய் வருவதை லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் 1775இல் கண்டறிந்தது முதற்கொண்டு சான்றுகளைத் திரட்டினார். நோய் வந்தபின் மருந்து தேடினால் மட்டும் போதாது, நோயை விளைவிக்கும் பொருளையே மனிதரிடமிருந்து விலக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

இந்நூலை எழுதிக்கொண்டிருந்தபோதே, 1960இல், அவருக்கு மார்பகப் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை நடந்தது. தம் நோயின் காரணமாகவே இப்படி எழுதுகிறார் என்று பிறர் தூற்றுவார்களே என எண்ணி, அவர் அதை வெளியே சொல்லவில்லை. இதைப் படித்தபோது அடுத்த பக்கத்தைத் திருப்ப எனக்கு மனம் வரவில்லை.

'மௌன வசந்தம்' 1962இல் வெளிவந்தது. மருந்து உற்பத்தியாளர்கள் எள்ளி நகையாடினர். ஆனால் 1963இல் குடியரசுத் தலைவர் கென்னடியின் அறிவியல் குழு, அவருடைய கருத்துகளுக்குப் பெரிதும் வலுவூட்டியது. அவ்வாண்டு ஜூன் மாதம் நோயுடனேயே நாடாளுமன்றக் குழுவின்முன் சென்று, ஆபத்தை அறிந்து முறைப்படி கையாளத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே இம்மருந்துகளை விற்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

1964 ஏப்ரல் 14ஆம் நாள், 56ஆம் வயதில் அம்மையார் மறைந்தார். அமெரிக்கா 1972இல் வேளாண்மையில் டி.டி.டி.யைத் தடை செய்தது. இந்தியாவில் பி.எச்.சி. 1997இல் தடை செய்யப்பட்டது. அதன் ஒரு கூறாகிய லிண்டேன் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்தது 2015இல்தான்.