இடிமுழக்கத்தை ஓட்டிய சிப்பாய்

‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ ஆங்கிலப் படத்தை நம்மில் சிலர் பார்த்திருப்போம். 1962-ல் வந்த படம். ஒட்டகமும் பாலைவனமும் வரும் என்று உட்கார்ந்தால், முதல் காட்சியிலேயே ஒருவர் மோட்டார் சைக்கிளைத் துடைத்து, உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய் விபத்தில் சிக்குகிறார். ஒரு யுத்த வீரருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் என்னப்பா சம்பந்தம் என்று தோன்றும். மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் படிக்கிற நாம் தெரிந்துகொள்ள வேண்டிய சம்பந்தம்தான் அது.

தாமஸ் எட்வர்ட் லாரன்ஸ் 1888 ஆகஸ்ட் 16-ல் வேல்ஸ் நாட்டில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் வரலாறு படித்து முதல் வகுப்பில் தேறினார். முதல் உலகப்போரில் துருக்கிப் பேரரசை எதிர்த்த அரபு மக்களோடு சேர்ந்து போராடி, கர்னல் பதவி வரை உயர்ந்தார். உலகமே அவர் பெயரைச் சொன்னது. ஆனால் 1922-ல் அவர் செய்த காரியம்தான் ஆச்சரியம். பெயரை மாற்றிக்கொண்டு, பிரிட்டிஷ் விமானப்படையில் கடைநிலைச் சிப்பாயாகச் சேர்ந்தார். நம்ம ஊர் வழக்கில் சொன்னால், கலெக்டர் உத்தியோகத்தை உதறிவிட்டு பட்டறையில் கையாளாகச் சேர்ந்த மாதிரி! பத்திரிகைகள் கண்டுபிடித்து எழுதியதால் வேலை போயிற்று. விடவில்லை, ‘ஷா’ என்ற பெயரில் டாங்கிப் படையில் நுழைந்து, 1925-ல் மறுபடியும் விமானப்படைக்கே வந்துவிட்டார்.

ஏழு வண்டிகள்

இந்தச் சிப்பாய்க்கு ஒரே ஒரு ஆடம்பரம் இருந்தது. அதுதான் பிராவ் சுப்பீரியர் மோட்டார் சைக்கிள். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரில் ஜார்ஜ் பிராவ் என்பவர் தயாரித்த வண்டி. 1919 முதல் 1940 வரை மொத்தமே சுமார் 3,000 வண்டிகள்தான் வெளிவந்தன. எஸ்.எஸ். 100 என்ற மாடல் மணிக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் வேகம் போகும் என்று உத்தரவாதத்தோடு விற்றார்கள். சிப்பாய் சம்பளத்தில் எளிதில் வாங்கக்கூடிய சாமான் அல்ல. ஆனாலும் 1922 தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக ஏழு வண்டிகள் அவரிடம் இருந்தன. 1929-ல் இந்தியாவிலிருந்து அவர் திரும்பியபோது நண்பர்கள் சேர்ந்து பரிசளித்த வண்டியும் அதில் சேர்த்தி. தயாரித்தவர் பெயரிலேயே முதலாம் ஜார்ஜ், இரண்டாம் ஜார்ஜ் என்று வண்டிகளுக்குப் பெயர் வைத்தார். செல்லப்பெயர் பொவனெர்கேஸ். பைபிளில் வரும் பெயர். இடிமுழக்கத்தின் மக்கள் என்று பொருள்.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டியை வைத்துக் காப்பாற்றுவது லேசுப்பட்ட வேலை இல்லை. கியரைக் கையால் மாற்ற வேண்டும். இக்னிஷன் டைமிங்கை ஹாண்டில்பாரில் உள்ள லீவரைக் கொண்டு ஓட்டுகிறவரே கூட்டிக் குறைக்க வேண்டும். கிளப்பும்போது டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளாமல் உதைத்தால், கிக்கர் திருப்பி உதைத்துக் காலைப் பதம் பார்த்துவிடும். 1920-களின் வண்டிகளில் எஞ்சினுக்குப் போன ஆயில் திரும்பி டாங்குக்கு வராது. எரிந்தும் ஒழுகியும் தீர்ந்துவிடும். ஆயில் பம்ப் எத்தனை சொட்டு விடுகிறது என்று ஓட்டுகிறவர்தான் பார்த்து வைக்க வேண்டும். குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்; கூடினால் பிளக் கரியடையும். ராக்கரும் வால்வ் ஸ்பிரிங்கும் மூடியில்லாமல் வெளியே நிற்கும், தூசி நேராக அதில்தான் படியும். டாப்பெட் இடைவெளி, செயின் தொய்வு, பிரேக் எல்லாவற்றையும் அடிக்கடி கவனிக்காவிட்டால் வண்டி மக்கர் பண்ணும்.

லாரன்ஸ் இதையெல்லாம் பழகினார். 1926 செப்டம்பரில் பிராவுக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. நான்கு ஆண்டுகளில் ஐந்து வண்டிகளில் ஒரு லட்சம் மைல் ஓட்டியிருந்தார்! முதல் இரண்டு வருஷம் ஸ்பேர் பார்ட்ஸ் கேட்டு கம்பெனியை நிறையவே தொந்தரவு செய்திருந்தார். கடைசி இரண்டு வருஷம் வண்டி ஒரு தடவைகூட வழியில் நிற்கவில்லை. வண்டியும் முன்னேறியிருந்தது, அதை வைத்திருந்தவரும் பழகியிருந்தார்.

விமானப்படையிலும் எஞ்சின் மீதே அவர் கவனம் போயிற்று. 1931-ல் பிளிமத் அருகே கடலில் ஒரு விமானம் விழுந்தபோது மீட்பு வேலையில் இறங்கினார். வேகமான படகுகள் வேண்டும் என்று வாதாடி, அவற்றை உருவாக்கிச் சோதிக்கும் வேலையில் ஈடுபட்டார். மறு வருஷம் அந்தப் படகைப் பராமரிக்கும் முறை பற்றி ஒரு கையேடே எழுதினார். ‘ஞானத்தின் ஏழு தூண்கள்’ என்ற புகழ்பெற்ற போர் வரலாற்றை எழுதிய அதே கைதான் இதையும் எழுதியது.

வெறுந்தலை

1935 பிப்ரவரியில் பணிக்காலம் முடிந்தது. டார்செட் பகுதியில் ஒரு சிறு குடிசை வீட்டில் குடியிருந்தார். மே 13-ந்தேதி பக்கத்து முகாம் தபால் ஆபீசில் தந்தி கொடுத்துவிட்டு, ஏழாவது ஜார்ஜில் திரும்பிக்கொண்டிருந்தார். மேடும் பள்ளமுமான சாலையில் திடீரென்று எதிர்ப்பட்டார்கள் சைக்கிளில் போன இரு சிறுவர்கள். விலகப் பார்த்து தூக்கி எறியப்பட்டார். ஹெல்மெட் இல்லை. ஆறு நாள் நினைவு திரும்பாமலே கிடந்து, மே 19-ல் காலமானார். வயது 46. வண்டிக்குப் பெரிய சேதமில்லை. பழுது பார்த்து வேறொருவருக்கு விற்றார்கள். எட்டாவது வண்டிக்கு ஏற்கனவே ஆர்டர் கொடுத்திருந்தார்.

மோட்டார் சைக்கிள் பந்தய வீரர்கள் 1914-லேயே கெட்டித் துணியும் அரக்கும் சேர்த்துச் செய்த ஹெல்மெட் போட ஆரம்பித்துவிட்டார்கள். சாதாரண சாலையில் போகிறவர்கள்தான் அது நமக்கெதற்கு என்று இருந்தார்கள்.

லாரன்சுக்குச் சிகிச்சை தர வந்த டாக்டர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர். அந்தச் சாவு அவர் மனதை விட்டுப் போகவில்லை. இரண்டாம் உலகப்போர் வந்ததும் கணக்கெடுத்தார். போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டனில் 2,279 மோட்டார் சைக்கிள்காரர்கள் சாலையில் இறந்திருந்தார்கள். அவர் பார்த்த தலைக்காயக் கேஸ்களில் ஹெல்மெட் அணிந்தவர்கள் ஏழே பேர். ஏழு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். 1941-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் ராணுவம், பணியில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற அனைவருக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அங்கே சட்டம் வர 1973 ஆயிற்று.

டாப்பெட், செயின், ஆயில் சொட்டு என்று வண்டியில் ஒன்று பாக்கியில்லாமல் கவனித்தவர் லாரன்ஸ். ஓட்டுகிற ஆளும் அந்தப் பராமரிப்புப் பட்டியலில் சேர்ந்தவன் என்று அன்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. நமக்கு அவர் சாவே சொல்லித் தந்திருக்கிறது. பிஸ்டன் தேய்ந்தால் புதுசு வாங்கிப் போடலாம், போர் போய்விட்டால் கடைந்துகொள்ளலாம். தலைக்கு ஸ்பேர் கிடையாது. நாளைக்குக் காலையில் காலேஜுக்கு வண்டியைக் கிளப்பும்போது, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்த கையோடு ஹெல்மெட்டையும் எடுத்து மாட்டுங்கள் தோழர்களே! டாங்குக்கு மேலே வைக்க வேண்டாம், தலையிலேயே மாட்டுங்கள்.