தலை சீவ எழும்பாத கை

பேஸ்பாலில் பந்து வீசுபவர்தான் பிட்சர். இன்னிக்கு ஒரு ஆட்டம் வீசினால் அவருக்கு நாலைந்து நாள் ஓய்வு. சார்லஸ் ராட்போர்னுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

1884. அமெரிக்காவின் பிராவிடன்ஸ் கிரேஸ் அணிக்கு அவரும் சார்லி ஸ்வீனியும்தான் முக்கிய பிட்சர்கள். ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. ஜூலையில் ராட்போர்னை சஸ்பெண்ட் பண்ணினார்கள். சில நாளிலேயே ஸ்வீனி ஆட்டத்தின் நடுவே கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அணியையே கலைத்துவிடலாமா என்ற நிலை!

ராட்போர்ன் ஒரு டீல் பேசினார். மிச்ச ஆட்டங்களைத் தானே வீசுவதாகவும், சீசன் முடிந்ததும் தன்னை விடுவிக்க வேண்டும் என்றும். அப்போதெல்லாம் ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் மனசு வைக்காமல் வேறு அணிக்குப் போக முடியாது.

சொன்னபடி கிட்டத்தட்ட எல்லாவற்றையும் வீசினார். காலையில் தலை சீவக்கூட கை எழும்பாதாம். மைதானத்துக்குச் சீக்கிரமே போய், பக்கத்தில் நின்று மெதுவாக எறிந்து எறிந்து கையைப் பழக்குவாராம். அந்த சீசனில் மொத்தம் 678 இன்னிங்ஸ், 59 வெற்றி (60 என்பாரும் உண்டு). கிரேஸ்தான் சாம்பியன். வேடிக்கை என்னன்னா, விடுதலை கிடைத்தும் மனுஷன் அங்கேயே இருந்துவிட்டார்!

1891-ல் ஓய்வு பெற்று, ப்ளூமிங்டனில் பார் நடத்தினார். வேட்டையில் துப்பாக்கி வெடித்து ஒரு கண் போனது. அதன்பின் யார் கண்ணிலும் படாமல் பெரும்பாலும் பின்னறையிலேயே இருந்தார். 1897-ல் இறந்தபோது வயசு 42.