டர்னரின் பென்சில்

புகழ்பெற்ற ஓவியங்களைக் காணும்போது நாம் அவற்றின் வண்ணங்களை வியக்கிறோம். வண்ணத்திற்கு முன் உழைத்த பென்சிலை நினைப்பதில்லை. இங்கிலாந்தின் இயற்கைக் காட்சி ஓவியர் டர்னரின் வாழ்வு அப்பென்சிலின் பெருமையை நமக்கு உணர்த்துகிறது.

ஜோசப் மாலர்ட் வில்லியம் டர்னர் 1775-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தை முடி திருத்தும் தொழிலாளி. ஒரே தங்கை சிறு வயதிலேயே இறந்துவிட்டாள். தாயார் மனநோயால் வாடி 1804-இல் மறைந்தார். இத்துன்பங்களுக்கிடையே மகனுக்குத் துணை நின்றவர் தந்தையே. சிறுவன் வரைந்த படங்களைத் தம் கடைச் சன்னலில் வைத்துச் சில ஷில்லிங்குகளுக்கு விற்றார். 14 வயதில் ராயல் அகாடமியின் ஓவியப் பள்ளியில் சேர்ந்த டர்னர், 1802-இல் அந்த அகாடமியின் முழு உறுப்பினரானார்.

புகழ் வந்த பின்னும் அவர் பயிற்சியைக் கைவிடவில்லை. சிறு நோட்டுப் புத்தகங்களுடன் ஊர் ஊராகச் சென்றார். 1819-இல் இத்தாலிக்குச் சென்றபோது ஏறத்தாழ 2,000 படங்கள் வரைந்தார். வெளியில் அமர்ந்து ஒரு படத்திற்கு வண்ணம் தீட்டும் நேரத்தில் பதினைந்து பென்சில் படங்களை முடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. கண் கண்டதைக் கோடுகளில் பதித்துக்கொண்டு, வண்ணத்தைப் பின்னர் சேர்ப்பார்.

1844-இல், 69 வயதில், ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரிலும் அவரது பென்சில் ஓயவில்லை. நெக்கார் ஆறு, அதன்மேல் கல்வளைவுகளாலான பழைய பாலம், ஆலயக் கோபுரம், மலைச்சரிவில் இடிந்த கோட்டை ஆகியவை அவரை மீண்டும் மீண்டும் ஈர்த்தன. அவர் தீட்டிய ஹைடல்பர்க் நீர்வண்ண ஓவியங்களுக்கு இத்தகைய எளிய கோடுகளே அடித்தளம். அப்பாலம் 1945-இல் போரின் இறுதியில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டு, 1947-இல் திரும்பக் கட்டப்பட்டது. டர்னர் கண்ட பாலமோ அவரது தாள்களில் இன்றும் நிற்கிறது.

1851-இல் டர்னர் காலமானார். தம் செல்வத்தைக் கொண்டு வறிய ஓவியர்களுக்கு இல்லம் அமைக்க வேண்டும் என உயில் எழுதியிருந்தார். உறவினர் வழக்காடினர், 1856-இல் வந்த தீர்ப்பினால் பணத்தின் பெரும்பகுதி அவர்களைச் சேர்ந்தது. ஏழைகளுக்கான இல்லம் கனவாகவே போயிற்று. ஆயினும் அவர் வசமிருந்த ஓவியங்களும், சுமார் 300 நோட்டுப் புத்தகங்களும் நாட்டின் உடைமையாயின. இன்று அந்நோட்டுகள் இலண்டனின் டேட் கலைக்கூடத்தில் காக்கப்படுகின்றன.

பிறர் பார்ப்பதற்கென்று அவர் அந்த நோட்டுகளை நிரப்பவில்லை. தம் கைப்பழக்கத்திற்காகவே நிரப்பினார். மதிப்பெண் கிடைக்காத பயிற்சியை வீண் என்று எண்ணும் மாணவியராகிய நாம், அந்த முதியவரின் தேய்ந்த பென்சிலை ஒரு கணம் நினைத்துப் பார்ப்போமாக!