மூணு ரூபாய், ஒன்-வே டிக்கெட்... திருச்சுழிப் பையனின் ஒரே ஒரு பயணம்!

1907 ஜூன் 10. பீஜிங்கிலிருந்து பாரிஸுக்கு ஐந்து வண்டிகள் கிளம்பின. ஜெயித்தது இத்தாலிய இளவரசர் போர்கேஸின் 'இட்டாலா' கார். எடுத்துக்கொண்டது இரண்டு மாசம். இன்றைக்கும் வின்டேஜ் கார் வைத்திருப்பவர்கள் லட்சம் லட்சமாகச் செலவு பண்ணி அதே மாதிரி பீஜிங் டு பாரிஸ் ரேலி போகிறார்கள். வீடியோ பார்த்து நீங்களும் பெருமூச்சு விட்டிருப்பீர்கள்.

அதே 1907 நவம்பரில், திருவண்ணாமலைக் குகையில் இருந்த 27 வயசு இளைஞருக்கு ரமண மகரிஷி என்று பெயர் சூட்டினார் காவ்யகண்ட கணபதி முனி. அந்த இளைஞரும் ஒரு லாங் ட்ரிப் போனவர்தான். வாழ்க்கையிலேயே ஒரே ஒரு ட்ரிப். கையில் இருந்தது மூணு ரூபாய்!

கரிசல் காட்டுப் பையன்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி ரோட்டில் போயிருக்கிறீர்களா? ரெண்டு பக்கமும் கரிசல், சீமைக்கருவேலம், தண்ணீர் இல்லாத கண்மாய்கள். அந்தத் திருச்சுழியில், பூமிநாதர் கோயில் பக்கத்து வீட்டில், 1879 டிசம்பர் 30 அன்று பிறந்தார் வேங்கடராமன். அப்பா சுந்தரம் ஐயர் உள்ளூரில் வழக்காடுபவர். அம்மா அழகம்மாள்.

1892-ல் அப்பா இறந்துபோக, அண்ணனும் தம்பியும் மதுரைச் சித்தப்பா வீட்டுக்கு வந்தார்கள். பையனுக்குப் படிப்பில் பெரிய ஆர்வம் இல்லை. ஃபுட்பால் என்றால் உயிர். 1895-ல் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவரிடம் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்க, அருணாசலத்திலிருந்து என்றார் அவர். அது ரயிலில் போகக்கூடிய ஒரு நிஜமான ஊர் என்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும்.

மறு வருஷம் ஜூலையில், உடம்பில் எந்தக் கோளாறும் இல்லாமல் திடீரென்று மரண பயம். யாரையும் கூப்பிடவில்லை. பிணம் மாதிரிப் படுத்து, செத்துப்போவது உடம்பு என்றால் நான் யார் என்று உள்ளே தேடினார். எழுந்தபோது பயம் போயிருந்தது. கூடவே படிப்பு, விளையாட்டு எல்லாவற்றின் மேலும் இருந்த பிடிப்பும் போய்விட்டது.

பழைய மேப், புது ரூட்

1896 ஆகஸ்ட் 29. இங்கிலீஷ் கிராமர் இம்போசிஷனைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கண்மூடி உட்கார்ந்திருந்தவரை அண்ணன் குத்திக்காட்டினார். இப்படி இருப்பவனுக்குப் புத்தகமும் வீடும் எதற்கு என்ற அர்த்தத்தில். தம்பிக்கு அது நியாயமாகவே பட்டது. ஸ்பெஷல் க்ளாஸ் இருக்கிறது என்று சொல்லி எழுந்தார். அப்படியானால் அஞ்சு ரூபாய் எடுத்துப்போய் என் காலேஜ் ஃபீஸைக் கட்டிவிடு என்றார் அண்ணன். அவர் எடுத்துக்கொண்டது மூணு. மீதி ரெண்டு ரூபாயோடு ஒரு சீட்டு: என்னைத் தேடிப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம், ஃபீஸ் இன்னும் கட்டவில்லை என்று.

கூகுள் மேப் இல்லாத காலம். பழைய அட்லஸில் பார்த்ததில், திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம். டிக்கெட் 2 ரூபாய் 13 அணா. ரயிலில் வந்த ஒரு மௌல்விதான், விழுப்புரத்தில் மாறினால் நேராகவே போகலாம் என்று சொன்னார். திருச்சியில் அரையணாவுக்கு ரெண்டு பேரிக்காய். விழுப்புரத்தில் சாப்பாட்டுக்கு ரெண்டு அணா நீட்ட, ஹோட்டல்காரர் வாங்கவில்லை. இருந்த காசுக்கு மாம்பழப்பட்டு வரை ரயில். அப்புறம் பத்து மைல் நடை, அரகண்டநல்லூர் கோயில் வரைக்கும். மறுநாள் கீழூரில், கல் வைத்த காதுக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்து டிக்கெட் எடுத்தார். செப்டம்பர் 1 காலை திருவண்ணாமலை. கடுக்கனை மீட்பதற்கான முகவரிச் சீட்டை ஏற்கெனவே கிழித்துப் போட்டிருந்தார். மிச்சம் இருந்த மூன்றரை ரூபாயை அய்யங்குளத்தில் எறிந்தார்.

1950 ஏப்ரல் 14-ல் இறக்கும் வரை, 54 வருஷம், அந்த ஊரை விட்டு அவர் நகரவே இல்லை.

பின்னால் ஒரு அம்மா

இப்படிக் கிளம்புவது நமக்கு சினிமா மாதிரித் தெரியலாம். ஆனால் புருஷனை இழந்த அம்மா, பிள்ளை எங்கே என்றே தெரியாமல் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் தவித்தார். 1898-ல் தேடிக் கண்டுபிடித்து, பவழக்குன்றில் தினமும் அழுதார். மகன் வாய் திறக்கவில்லை. நடக்க வேண்டியதுதான் நடக்கும் என்று தாளில் எழுதிக்காட்டினார். அம்மா வெறுங்கையோடு திரும்பினார்.

கதை அங்கே முடியவில்லை. மகன் வீட்டுக்கு வரவில்லை. 1916-ல் அம்மாவே மகனோடு தங்க வந்துவிட்டார். 1922 மே 19 அன்று, அவருடைய கடைசி மணி நேரங்களில், நெஞ்சிலும் தலையிலும் கை வைத்தபடி பக்கத்திலேயே இருந்தவர் அந்த மகன்தான். அம்மாவின் சமாதிக்கு மலையிலிருந்து தினமும் இறங்கி வந்தவர், ஒருநாள் அங்கேயே தங்கிவிட்டார். அதைச் சுற்றி வளர்ந்ததுதான் இன்றைய ரமணாச்ரமம்!

அப்புறம் உலகமே அங்கே ட்ரிப் அடித்தது. பால் பிரண்டனின் புத்தகம் 1934-ல் லண்டனில் வந்தது. 1938-ல் சோமர்செட் மாம் மெட்ராஸிலிருந்து புழுதி ரோட்டில் காரில் வந்தார்.

அடுத்த லீவுக்கு ரோட் ட்ரிப் ப்ளான் பண்ணுகிறீர்களா? ஒருமுறை அருப்புக்கோட்டை வழியாகத் திருச்சுழிக்கு விடுங்கள். அவர் பிறந்த வீடு 'சுந்தர மந்திரம்' என்ற பெயரில் இருக்கிறது. கார் எந்த மாடல் என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். உள்ளே கொஞ்ச நேரம் போனை அணைத்துவிட்டு உட்காருங்கள். வெளியே வந்ததும் முதல் காலை அம்மாவுக்குப் போடுங்கள்.