நாளுக்கொரு திரி

கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட காலத்தைத் திருவருகைக் காலம் என்பர். புத்தாடையும் பலகாரமும் தேடுதல் மட்டுமன்று அதன் ஆயத்தம். வருபவரை நோக்கி உள்ளம் விழித்திருத்தலே அதன் உட்பொருள். இவ்விழிப்பினை ஆதரவற்ற சிறுவர்க்குக் கற்பித்தவர், ஜேர்மனி நாட்டு யோகான் ஹின்றிக் விக்கேர்ன் என்னும் பெரியார்.

ஹம்பேர்க் நகரில் 1808ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் பிறந்த விக்கேர்ன், பதினைந்தாம் வயதிலே தந்தையை இழந்தார். மூத்த மகனாதலின், தாமே மாணவராயிருந்த பருவத்திற் பிறர்க்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கினார். கெட்டிங்கனிலும் பேர்லினிலும் இறையியல் கற்று மீண்ட அவர், ஏழைப் பிள்ளைகளுக்கான ஞாயிற்றுப் பாடசாலையில் ஆசிரியராய் அமர்ந்தார். பிள்ளைகளின் இல்லங்களுக்குச் சென்றபோது, வறுமை உடலை மாத்திரமன்றி உள்ளத்தையும் சிதைத்திருத்தலைக் கண்டார். வாரத்தில் ஒருநாட் பாடம் அவர்க்குப் போதாது. வேண்டியது ஒரு வீடு என உணர்ந்தார்.

நகரப் பெரியோர் சிலரின் துணையோடு, 1833இல், ஹம்பேர்க்கை அடுத்த ஹோர்ன் என்னும் ஊரிற் பழைய ஓலைக்கூரை வீடொன்று கிடைத்தது. ‘றௌகெஸ் ஹவுஸ்’ என்பது அதன் பெயர். தாயோடும் தங்கையோடும் அங்குக் குடிபுகுந்தார். ஆண்டு முடியுமுன் பன்னிரு சிறுவர் வந்து சேர்ந்தனர். அவ்வீட்டிற்கு மதிலுமில்லை, தாழுமில்லை. பழைய குற்றங்கள் மன்னிக்கப்பட்டன என்று அறிவித்தே ஒவ்வொரு பிள்ளையையும் ஏற்றுக்கொண்டனர். சிறு சிறு குடும்பங்களாகப் பிரிந்து, ஒரு மூத்த சகோதரரின் பொறுப்பில் அவர்கள் வாழ்ந்தனர், தொழிலுங் கற்றனர்.

மார்கழிக் குளிரில் அப்பிள்ளைகள் திருநாள் எப்போது வருமென்று ஓயாது வினவினர். காத்திருக்கச் சொன்னவர்களால் ஏமாற்றப்பட்டே வளர்ந்த பிள்ளைக்குக் காத்திருத்தல் எளிதன்று. பசி அதற்குக் கற்பித்தது கண்டதைப் பறித்தல் ஒன்றே. 1839ஆம் ஆண்டில் விக்கேர்ன் ஒரு வண்டிச் சில்லினை எடுத்து, அதன்மேல் இருபது சிறிய சிவப்பு மெழுகுதிரிகளையும் நான்கு பெரிய வெள்ளைத் திரிகளையும் நிறுத்தி, மண்டபத்திலே தொங்கவிட்டார். அவ்வாண்டிற் திருவருகைக் காலம் டிசெம்பர் 1ஆம் நாள் தொடங்கிற்று. கிழமை நாட்களிற் சிவப்பும் ஞாயிறுகளில் வெள்ளையுமாக, நாளுக்கொரு திரி ஏற்றப்பட்டது.

எண்ணத் தெரியாத பிள்ளையும் ஒளி வளர்வதைக் கண்டது. நேற்றுச் சொன்னபடி இன்று ஒரு திரி எரிந்தது. ஆகவே நாளையும் எரியும் என நம்பத் துணிந்தது. இவ்வாறு வாக்குறுதி ஒன்று நாள்தோறும் நிறைவேறுதலைக் கண்ணாற் காண்பதே அப்பிள்ளைகளுக்குக் கிடைத்த பேருபதேசம்.

1848இல் விற்றன்பேர்க் திருச்சபை மாநாட்டில் விக்கேர்ன் ஆற்றிய உரை, ‘உள்நாட்டுத் திருப்பணி’ என்னும் பெரும் சேவை இயக்கத்திற்கு வித்திட்டது. பிரஷிய நாட்டுச் சிறைச்சாலைகளின் சீர்திருத்தத்திற்கும் அவர் உழைத்தார். இறுதி ஆண்டுகளை நோயிற் கழித்து, 1881ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் ஹம்பேர்க்கிலே மறைந்தார்.

அவரது சில்லு பின்னர்ப் பசுந்தழை சூடி வளையமாயிற்று. வீடுகளுக்குட் புகுந்தபோது நான்கு திரிகளாகச் சுருங்கிற்று. இன்று அதனைப் பல நாடுகளின் ஆலயங்களிற் காண்கிறோம். அழகுக்காக ஏற்றுவோரும் உளர். ஆயினும், சொன்ன சொல் காக்கும் ஒருவர்க்காகப் பிள்ளைகள் காத்திருந்த அம்மண்டபத்தை நினைந்து ஏற்றுவோர்க்கே அத்திரியின் பொருள் விளங்கும்.