கேட்டுத் தெளிந்த தமிழ்த்தென்றல்

தமிழ்த்தென்றல் திரு.வி. கலியாணசுந்தரனார் 1883ஆம் ஆண்டு சென்னையை அடுத்த துள்ளத்தில் பிறந்தவர். இராயப்பேட்டை வெசுலிப் பள்ளியில் பயின்றபோது, யாழ்ப்பாணத்துக் கதிரைவேற் பிள்ளையின் மாணவரானார். ஆசிரியர்பால் கொண்ட பற்று, பிற கொள்கையினர்மீது பகையாகவும் வளர்ந்தது.

அந்நாளில் இராயப்பேட்டையில் அயோத்திதாசப் பண்டிதர் பௌத்த சங்கம் நடத்தி வந்தார். அக்கூட்டங்களில் புகுந்து குழப்பம் விளைத்த சைவ இளைஞருள் திரு.வி.க.வும் ஒருவர். தம் வாழ்க்கைக் குறிப்புகளில் இதனை அவர் மறைத்தாரில்லை. குழப்பச் சென்றவர் நாளடைவில் அமர்ந்து கேட்கத் தொடங்கினார். சிங்காரவேலர் வாயிலாக டார்வினின் உயிர்த்தோற்றக் கொள்கையை அறிந்தார். கேட்டதனால் அவர் பௌத்தராகவில்லை, நாத்திகராகவுமில்லை. சைவராகவே நின்றார். ஆயினும் அவர் உள்ளத்தினின்று பகை நீங்கிற்று.

அப்பண்பின் பயன் பெரிது. 1925ஆம் ஆண்டு காஞ்சிபுரம் காங்கிரசு மாநாட்டுத் தலைவராக இருந்து, வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை அனுமதிக்க மறுத்தார். பெரியார் காங்கிரசினின்று வெளியேறினார். இருவர் நட்போ அறவில்லை. நம் மார்க்கத்தையும் அவர் ஆர்வத்துடன் அணுகினார். 1953ஆம் ஆண்டு மறைந்தார்.

வள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். மறுக்கும் உரிமை நம் அனைவர்க்கும் உண்டு. எதை மறுக்கிறோம் என்பதை முழுதும் கேட்டறிந்தவர் மறுப்புக்கே மதிப்பு உண்டு. மாணவச் செல்வங்கள் இதனை நெஞ்சில் நிறுத்துவார்களாக!