வின்சென்ஸோ ஃப்ளோரியோ: மலைப்பாதையும் நான்கு சில்லுகளும்

இத்தாலியில் வாகனம் வைத்திருக்கும் நம்மவர் எல்லோருக்கும் தார்கா என்ற சொல் பழக்கமானது. வாகனத்தின் இலக்கத் தகட்டை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். நினைவுத் தகடு, பரிசாகத் தரும் பட்டயம் ஆகியவற்றுக்கும் அதே சொல்தான். ஜேர்மனியிலோ கனடாவிலோ இருக்கும் வாசகர்கள் போர்ஷே 911 காரின் ஒரு வகைக்குத் தார்கா என்று பெயர் இருப்பதைக் கவனித்திருக்கக்கூடும். 1965இல் அறிமுகமான அந்தக் காருக்குப் பெயர் கொடுத்தது, பலெர்மோவுக்குக் கிழக்கே மதோனியே மலைகளில் நடந்த தார்கா ஃப்ளோரியோ என்ற பந்தயம். அதை உருவாக்கியவர் வின்சென்ஸோ ஃப்ளோரியோ.

பலெர்மோவில் வசிக்கும் எனக்கு அவர் வாழ்க்கையில் ஒரு தனி ஆர்வம் உண்டு. ஒரு வண்டிக்கு எந்த அளவுச் சில்லு, எந்த ரயர் பொருத்துவது என்று நாம் இன்று கராஜில் நின்று யோசிக்கிறோம். அந்தக் கேள்விக்கு மிகக் கடுமையான பரீட்சை வைத்த பாதை அவருடையது. அந்த வழியிலேயே அவரை இங்கே அறிமுகம் செய்கிறேன்.

ஃப்ளோரியோ குடும்பம் சிசிலிக்கு வந்தேறிய குடும்பம். தென் இத்தாலியின் கலாப்ரியாவில் 1783இல் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன்பின் பாவொலோ ஃப்ளோரியோ பிழைப்புத் தேடிப் பலெர்மோவுக்கு வந்தார். துறைமுகத்துக்கு அருகில் வாசனைத் திரவியங்களும் மருந்துச் சரக்கும் விற்கும் கடை வைத்தார். அவருடைய மகன் முதலாம் வின்சென்ஸோ அந்தக் கடையிலிருந்து மர்சாலா வைன், சூரை மீன் பிடிப்பு, கப்பல் என்று தொழிலை விரித்தார். பேரன் இக்னாசியோ 1874இல் எகாதித் தீவுகளையே விலைக்கு வாங்கினார். மளிகைக் கடை மூன்று தலைமுறையில் கப்பல் நிறுவனமாகி, ஐரோப்பாவின் பணக்காரக் குடும்பங்களில் ஒன்றாக ஃப்ளோரியோக்கள் எழுந்தார்கள்.

நம் வின்சென்ஸோ இந்த இக்னாசியோவின் இளைய மகன். 1883 மார்ச் 18இல் பலெர்மோவில் பிறந்தார். எட்டு வயதில் தந்தையை இழந்தார். தொழில் அண்ணன் கைக்குப் போயிற்று. தம்பிக்கு ஓய்வும் பணமும் கிடைத்தன. பதின்ம வயதில் பிரான்சிலிருந்து ஒரு மோட்டார் மூன்று சில்லு வண்டியை வரவழைத்தார். அதற்கும் ஒரு குதிரைக்கும் ஒரு சைக்கிளுக்கும் நகரின் ஃபவோரித்தா பூங்காவில் போட்டி வைத்ததாகவும் குதிரையே வென்றதாகவும் சொல்வார்கள். பின்னர் தானே கார்ப் பந்தயங்களில் ஓட்டினார். ஒரு கட்டத்தில், ஓட்டுவதைவிடப் பந்தயம் நடத்துவதே தன் வேலை என்று முடிவு செய்தார்.

முதல் தார்கா ஃப்ளோரியோ 1906 மே 6இல் நடந்தது. பரிசுத் தகட்டைப் பாரிஸின் புகழ்பெற்ற நகைக் கலைஞர் ரெனே லலிக் வடிவமைத்தார். கடற்கரையில் புவொன்ஃபொர்னெல்லோவில் தொடங்கி, செர்தா, கல்தவுத்தூரோ, பெத்ராலியா, கஸ்தெல்புவோனோ, கொல்லெசானோ ஊர்கள் வழியாக ஆயிரம் மீற்றருக்கு மேல் ஏறி, மீண்டும் கடலுக்கு இறங்கும் பாதை அது. ஒரு சுற்று ஏறக்குறைய 149 கிலோமீற்றர். மூன்று சுற்றுகள் ஓடவேண்டும். கோவேறு கழுதைகளும் மாட்டு வண்டிகளும் போன கல்லும் புழுதியுமான பாதை. பத்துக் கார்கள் புறப்பட்டன. இத்தாலா காரில் வந்த அலெஸ்ஸாந்த்ரோ கான்யோ ஒன்பதரை மணி நேரத்தில் முடித்து வென்றார். சராசரி வேகம் மணிக்கு 47 கிலோமீற்றருக்கும் குறைவு.

இவ்வளவு மெதுவாக ஓடியதற்குப் பாதை மட்டும் காரணமல்ல, ரயரும் காரணம். அக்காலத்தில் சில்லைக் கழற்றி மாற்ற முடியாது. மரக்கால்கள் கொண்ட சில்லு அச்சோடு நிலையாக இருக்கும். ரயர் கிழிந்தால் நடுவழியில் நின்று, பழைய ரப்பரை வெட்டி எடுத்து, புதியதை நெம்பி ஏற்றிக் காற்றடிக்க வேண்டும். சுமார் 15 நிமிடம் போய்விடும். அதே ஆண்டு ஜூன் மாதம் பிரான்சின் லெ மான் நகருக்கு அருகில் நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்தில் மிஷலின் நிறுவனம் இதற்கு ஒரு வழி காட்டியது. ரயர் ஏற்கனவே பூட்டப்பட்ட றிம்மைத் தனியாகக் கழற்றி மாட்டலாம். நான்கு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு சில்லும் 9 கிலோ கூடுதலாகக் கனத்தது. அதனால் எடை வரம்பை மீறவேண்டி வரும் என்று சில அணிகள் அதை எடுக்கவில்லை. எடுத்துக்கொண்ட ரெனோ வென்றது.

ஒன்றைப் பெற இன்னொன்றை விடவேண்டும் என்ற இந்தக் கணக்கைத்தான் வின்சென்ஸோவின் பாதை ஆண்டுதோறும் எல்லோருக்கும் வைத்தது. கடலோரத்தில் ஏறக்குறைய 6 கிலோமீற்றர் நேர்ச்சாலை. அங்கே பெரிய சில்லு வேகம் தரும். மலையில் நூற்றுக்கணக்கான வளைவுகள். அங்கே அதே சில்லு எஞ்சினை மூச்சுத் திணற வைக்கும். 1922இல் ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த சாஷா என்ற 1.1 லீற்றர்ச் சிறு கார்கள் வந்து தம் பிரிவில் முதல் இரண்டு இடங்களையும் பிடித்தன. 600 கிலோகூட இல்லாத கார்கள் அவை. 1925 முதல் 1929 வரை ஐந்து ஆண்டும் வென்றவை புகாட்டி கார்கள். அவற்றின் சில்லு அலுமினியத்தில் வார்த்தது. பிறேக் உருளையும் அதோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டிருந்தது. சில்லைக் கழற்றினால் பிறேக்கின் தேய்மானமும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். சில்லின் கனம் குறைந்தால் அது கரடுமுரடான தரையை விட்டு எழும்பாமல் ஒட்டி ஓடும்.

இது பழங்கதை அல்ல. சந்தைக்கு மரக்கறி ஏற்றும் என் நண்பர் ஒருவர் தன் பிக்கப் வாகனத்துக்குப் பெரிய ரயர் பூட்ட விரும்பினார். அதில் இருந்தது 205/70 R15. அதாவது அகலம் 205 மில்லிமீற்றர். பக்கச் சுவரின் உயரம் அதில் 70 வீதம். றிம் 15 அங்குலம். கணக்குப் பார்த்தால் மொத்த விட்டம் 668 மில்லிமீற்றர். அவர் கேட்ட 235/75 R15 ரயரின் விட்டம் ஏறக்குறைய 733. பத்து வீதம் அதிகம். வேகமானி 60 காட்டும்போது வண்டி உண்மையில் 66இல் போகும். ஏற்றத்தில் எஞ்சின் திணறும், நிறுத்தப் பிறேக்கும் கூடுதலாக உழைக்கவேண்டும், சுமையோடு திரும்பும்போது ரயர் உடலில் உரசலாம். ரயரில் எழுதியிருக்கும் சுமைக் குறியீட்டையும் பார்க்கவேண்டும். 104 என்றால் ஒரு ரயர் 900 கிலோ தாங்கும். இத்தாலியில் வாகனப் பதிவுப் பத்திரத்திலேயே அனுமதிக்கப்பட்ட அளவுகள் எழுதப்பட்டிருக்கும். இவற்றைச் சொன்னபின் அவர் பழைய அளவிலேயே, ஆனால் சுமை தாங்கும் நல்ல ரயராக வாங்கினார்.

வின்சென்ஸோவின் வீட்டில் அந்த அடக்கம் இருக்கவில்லை. அண்ணன் காலத்தில் மாளிகைகளும் விருந்துகளும் பெருகின. தொழில் பழைய பாதையிலேயே நின்றது. முதல் உலகப் போருக்கு முன்பே கப்பல் நிறுவனம் கைவிட்டுப் போனது. 1920களில் மர்சாலா வைன் தொழில் சின்சானோ நிறுவனத்திடம் சேர்ந்தது. வின்சென்ஸோவின் முதல் மனைவி அன்னினா, திருமணமாகி இரண்டு ஆண்டில், 1911இல் காலராவில் இறந்தார். குடும்பத்தின் செல்வம் ஒவ்வொன்றாகக் கரைந்தபோதும் அவர் பந்தயத்தை விடவில்லை. பாதையை மாற்றினார், தூரத்தைக் குறைத்தார், போருக்குப் பின் மீண்டும் தொடங்கினார்.

ஆனால் அவர் படைத்த பாதை உயிர்களையும் கேட்டது. 1921இலும் 1922இலும் வென்ற ஜூலியோ மசெத்தி 1926இல் அதே பந்தயத்தில் இறந்தார். 1957 மே மாதம் வட இத்தாலியில் மில்லே மில்யா பந்தயத்தில் ஒரு ஃபெராரி காரின் ரயர் வெடித்தது. ஓட்டுநரும் துணைவரும், ஐந்து குழந்தைகள் உட்படப் பார்வையாளர் ஒன்பது பேரும் மாண்டார்கள். அந்த வேகத்துக்கு அந்த ரயர் தகுமா என்ற கேள்வி நீதிமன்றம் போனது. 1920 தார்கா ஃப்ளோரியோவில் இரண்டாவதாக வந்திருந்த என்ஸோ ஃபெராரிதான் அங்கே குற்றம் சாட்டப்பட்டவர். 1961இல் அவர் விடுவிக்கப்பட்டார். அந்த 1957இல் தார்கா ஃப்ளோரியோவும் வேகப் பந்தயமாக நடக்கவில்லை. நேரம் தவறாமல் ஓடும் போட்டியாகவே நடந்தது. தன் வாழ்நாள் வேலைக்கு விழுந்த கேள்விக்குறியை 74 வயதில் வின்சென்ஸோ பார்க்கவேண்டி வந்தது.

1959 ஜனவரியில் பிரான்சின் எபெர்னே நகரில் அவர் காலமானார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. பந்தயம் மேலும் 18 ஆண்டுகள் நடந்தது. 1977இல் ஒரு கார் பாதையை விட்டுப் பாய்ந்து பார்வையாளர் இருவர் இறந்ததோடு பழைய வடிவம் முடிவுக்கு வந்தது. ரலி வடிவில் அந்தப் பெயர் தொடர்கிறது.

சிசிலிக்கு வரும் வாசகர்கள் செர்தாவுக்கு அருகில் பழைய பார்வையாளர் மேடைகளையும் கொல்லெசானோவில் உள்ள பந்தய அருங்காட்சியகத்தையும் காணலாம். மலைப்பாதை பொதுச் சாலைதான், யாரும் ஓட்டலாம். புறப்படும் முன் ரயரின் காற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.